செல்லாத வண்டி

மாற்றம் என்பது ஒன்றின் அமைப்பில் ஏற்பட்டு அதன் அடிப்படைத் தன்மையையே வேறாக்கிவிடும் மாறுதல் — இப்படி ஒரு வரையறையை அமைப்பியல் பற்றிய கட்டுரை எதிலாவது பார்த்திருந்தால் நம்மில் நாலு பேராவது அடிக்கோடிட்டிருப்போம். இரண்டு பேர் மறுத்து எழுதியிருப்பார்கள். இது எந்த விமர்சகனும் சொன்னதல்ல. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், கடைசியில் விளக்கமாகச் சேர்க்கப்பட்டிருக்கும் வாக்கியத்தின் சாரம் இது. சங்கரன்கோவிலில் இருக்கும் நண்பர் ஒருவருடைய ஸ்கூட்டரை முன்னிட்டு இதை நான் படிக்க நேர்ந்தது.

நண்பருக்கு இடது கால் ஒன்றரை வயதில் போலியோவில் போயிற்று. இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு குழந்தை. 2014 மார்ச்சில் நம் பகுதி முழுவதும் போலியோ ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நண்பர் இந்தத் தேதிகளுக்கு வெகுகாலம் முந்தியவர். பூ மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். பூ காத்திருக்காது, இருட்டோடு மண்டியில் இருந்தாக வேண்டும். அந்நேரத்துக்கு அவர் தெருவுக்கு பஸ் கிடையாது. இருந்தாலும் அதன் படி அவருக்கு எட்டாது. ஆகவே ஸ்கூட்டர் என்பது அவருக்கு வசதி என்ற வகையைச் சேர்ந்ததல்ல. அது இல்லாவிட்டால் வேலை இல்லை.

கியர் இல்லாத சாதாரண ஸ்கூட்டர். பின்சக்கரத்துக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சிறு சக்கரம். அரசாங்கத் தாள்களில் இதற்கு 'இணைப்புச் சக்கரம் பொருத்தப்பட்ட ஸ்கூட்டர்' என்று பெயர். ஜனங்கள் மூணு சக்கர வண்டி என்பார்கள். எண்ணிப் பார்த்தால் நாலு. ஊன்றுகோலைச் செருக ஒரு வளையம், விறைத்த காலை வைக்க இடது பக்கம் வெளியே நீட்டிய ஒரு பலகை, கொஞ்சம் தாழ்த்திய இருக்கை. எல்லாம் ஊரிலேயே ஒரு வெல்டிங் பட்டறையில் செய்தது. பட்டறைக்காரர் நண்பரை உட்காரச் சொல்லி, எழுந்திருக்கச் சொல்லி, மறுபடியும் உட்காரச் சொல்லி, சாக்பீஸால் தரையில் கோடு போட்டு அளவெடுத்தார். தையல்காரர் அளவெடுப்பதை அது ஒத்திருந்தது. முன்பிருந்த பழைய வண்டிக்கும் அவரே செய்திருந்தார். அதைப் பற்றிய எந்தக் குறிப்பும் பதிவுப் புத்தகத்தில் கிடையாது. 2021இல் புது வண்டி வாங்கியபோது நண்பர் பிடிவாதமாகச் சொன்னார்: இந்தத் தடவை சட்டப்படி.

பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. அவரைப் போலவே கால் சரியில்லாத ஒருவருடைய வண்டி எங்கோ மோதி விவகாரமானபோது, காப்பீட்டு நிறுவனம் ஒன்று கேட்ட முதல் கேள்வி அந்தப் பக்கச் சக்கரங்களைப் பற்றியது. பதிவுப் புத்தகத்தில் இரண்டு சக்கரம், தெருவில் நாலு. தாளில் உள்ள வண்டிக்குத்தான் காப்பீடு. மோதியது வேறு வண்டி. இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரே ஒரு குறை: தாளில் உள்ள வண்டியை அந்த மனிதரால் ஓட்டியிருக்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற உரிமையாளருக்கு அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. கேரள உயர்நீதிமன்றம் இதற்கு நெகிழ்வாக அர்த்தம் பண்ணியிருந்தது. அந்த அர்த்தம் ரத்தாயிற்று. தீர்ப்பு ஆதாரமாகக் கொண்ட வாசகம் புதிதல்ல. 2000இல் வந்த திருத்தத்திலிருந்தே 52ஆம் பிரிவு அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பத்திரிகையில் வந்தபோது 'வண்டியில் எந்த மாற்றமும் கூடாது' என்று வந்தது. அதே வருஷம் நிறைவேறிய திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் சேர்த்தது. மாற்றம் ஒவ்வொன்றுக்கும். நண்பர் விரல் விட்டார்: இரண்டு சக்கரம், பலகை, வளையம், இருக்கை. 'இருபத்தஞ்சாயிரம். வண்டி விலையில மூணுல ஒரு பங்கு வே' என்றார்.

இந்தச் சட்டம் யாரை மனசில் வைத்து எழுதப்பட்டது என்று தெரியாமலில்லை. சைலன்ஸரை அறுத்துவிட்டு ராத்திரியில் ரத வீதியைக் கிழித்துக்கொண்டு போகும் பையன்களை நானும் சபித்திருக்கிறேன். முன் பம்பருக்குமேல் இரும்புக் குழாய் மாட்டிக்கொண்ட ஜீப் மோதினால் நடந்து போகிறவன் கதி என்ன என்பதும் தெரிந்ததுதான். அவர்களைத் தடுக்கும் வாக்கியமும் நண்பரைத் தடுக்கும் வாக்கியமும் ஒரே வாக்கியமாக இருப்பதுதான் விஷயம். தோற்றத்துக்காகச் செய்யும் மாற்றத்தையும் இருப்புக்காகச் செய்யும் மாற்றத்தையும் இலக்கணம் ஒரே வேற்றுமையில் வைத்துவிட்டது.

இனி சொல்லுக்கு வருகிறேன். பழைய சட்டம் இப்படிப்பட்ட வண்டிக்கு வைத்திருந்த பெயர் 'இன்வாலிட் கேரேஜ்'. ஆங்கிலத்தில் இந்த 'இன்வாலிட்' என்ற எழுத்துக் கூட்டத்தை முன்னால் அழுத்திச் சொன்னால் நோயாளி. நடுவில் அழுத்திச் சொன்னால் செல்லாதது. ஆங்கிலேயன் வாயில் இரண்டும் வேறு சொற்கள். நம் வாயில் அழுத்தம் கிடையாது. ஆகவே ஒரே சொல். கவுன்டரில் ஒரு புரோக்கர் நண்பருக்கு மொழிபெயர்த்துச் சொன்னாராம்: 'செல்லாத வண்டின்னு போடுவாங்க அண்ணாச்சி, பயப்படாதீங்க, அது சும்மா பேருதான்.' தமிழில் இது இன்னொரு மடங்கு விபரீதமாகிவிடுகிறது. செல்வது என்றால் நமக்குப் போவது. செல்லுபடியாவதும் அதே வினைதான். செல்லாத காசு கையை விட்டுப் போகாது. செல்லாத வண்டி, செல்லக்கூடாத வண்டி, செல்ல முடியாதவனின் வண்டி — மூன்றையும் ஒரு பெயரெச்சத்துக்குள் அடைத்துவிட்டார் அந்தப் புரோக்கர், தான் செய்தது என்னவென்று தெரியாமலே. நண்பர் என்னிடம் கேட்டார்: 'தினம் எட்டு மைல் ஓடுது. இது செல்லாதுன்னா செல்றது எது வே?'

அந்தப் பெயரின் வரையறை பெயரைவிட சுவாரஸ்யம். உடற்குறை உள்ளவருக்கென்றே விசேஷமாக வடிவமைத்துக் கட்டப்பட்டதாக வண்டி இருக்க வேண்டும். வெறுமனே மாற்றியமைக்கப்பட்டதாக இருக்கக் கூடாது என்று 1988ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. 'வெறுமனே' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இது நாம் யோசித்து எழுதிய சொல் இல்லை. பிரிட்டிஷ் சட்டத்திலிருந்து அப்படியே வந்தது. அங்கே அது பொருந்திற்று. ஏனெனில் அங்கே அப்படிக் கட்டுகிறவர்கள் இருந்தார்கள். பெர்ட் கிரீவ்ஸ் என்பவர், இடுப்புக்குக் கீழே செயலற்ற தம் ஒன்றுவிட்ட சகோதரருக்காக ஒரு மோட்டார் வண்டியைச் செய்துபார்த்து, பிறகு அதையே தொழிலாக்கி 1940களின் கடைசியில் 'இன்வாகார்' என்ற மூன்று சக்கர வண்டியைத் தயாரிக்கத் தொடங்கினார். அரசாங்கம் வாங்கி, வெளிறிய நீல வர்ணமடித்து, ஊனமுற்றவர்களுக்கு வழங்கிற்று. ஒரே இருக்கை; கூட ஒருவரை ஏற்றிக்கொள்ள முடியாது. 2003 மார்ச் 31ஆம் தேதியோடு, பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவராது என்று சொல்லி, அந்த வண்டிகளைச் சாலையில் ஓட்டக் கூடாதென்று தடுத்துவிட்டார்கள். விசேஷமாக வடிவமைத்துக் கட்டப்பட்டதும் ஒருநாள் செல்லாததாகிவிடும் என்பது ஒரு பக்கம். நமக்கு வேண்டியது இன்னொரு பக்கம்: விசேஷமாகக் கட்டித்தர ஆளில்லாத தேசத்தில், வெறுமனே மாற்றியமைப்பது தவிர வேறு கதியில்லாதவர்களிடம் போய், வெறுமனே மாற்றியமைக்காதே என்று ஒரு சட்டம் முப்பது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தது. இரவல் வாங்கிய வாக்கியம் செய்யும் வேலை இது. இலக்கியத்தில் இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

2019ஆம் வருஷத் திருத்தம் அந்தப் பெயரை நீக்கியது. அதற்குப் பதிலாக 'அடாப்டட் வெஹிக்கிள்', மாற்றியமைக்கப்பட்ட வாகனம், என்று வந்தது. எது வெறுமனே என்று ஒதுக்கப்பட்டதோ அதுவே பெயராகிவிட்டது. கூடவே 52ஆம் பிரிவில் இரண்டாவது உட்பிரிவை மாற்றி எழுதினார்கள். முதல் உட்பிரிவில் என்ன சொல்லியிருந்தாலும், யாரும் தமக்குச் சொந்தமான வண்டியை இத்தகைய வாகனமாக மாற்றிக்கொள்ளலாம். மத்திய அரசு விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பதிவு அதிகாரியின் பிற்பட்ட ஒப்புதல் பெற வேண்டும். பிற்பட்ட என்பதை இரண்டு முறை படித்தேன். முதலில் காரியம், பிறகு அனுமதி. ஒப்புதல் இல்லாமல் செய்திருந்தால் பதினாலு நாளைக்குள் தெரிவித்துக் கட்டணத்தோடு பதிவுப் புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும்.

நம் பழைய இலக்கணக்காரர்களுக்கு இது தெரிந்த உத்தி. இயலை முடிக்கும்போது ஒரு புறனடைச் சூத்திரம் வைப்பார்கள்: சொன்னவை போகச் சொல்லாதவற்றையும் இந்த வழியில் கண்டு தழுவிக்கொள்க என்று. மொழி தம் சூத்திரங்களைவிடப் பெரிது என்ற அறிவு அது. அதைக் காவலின் தளர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். புறனடை இல்லாத இலக்கணத்தில்தான் திருட்டுத்தனம் பெருகுகிறது. பழைய வண்டியை எழுதாமலே ஓட்டிய நண்பர் திருடரல்ல. அவருக்குச் சூத்திரம் இல்லை.

ஒப்புதலுக்காக நாங்கள் போன அலுவலகம் எந்த ஊர் என்பது இங்கே முக்கியமில்லை. மோட்டார் வாகன ஆய்வாளரை நம் பக்கத்தில் இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அன்றைக்குத் தெரிந்தது. அவர் தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வண்டியை மைதானத்தில் ஒரு குழிப்பக்கம் ஓட்டச் சொன்னார். குழி பெரியதில்லை, மழைத் தண்ணீர் அரித்தது. பின்சக்கரம் குழியின்மேல் வந்தபோது இரண்டு பக்கச் சக்கரங்களும் குழியின் இரு கரையிலும் நின்றுவிட்டன. பின்சக்கரம் அந்தரத்தில் சுற்றிற்று. ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருகச் சுற்றிற்றே ஒழிய வண்டி நகரவில்லை. 'இப்ப பின் பிரேக்கைப் பிடிங்க' என்றார். பிடித்தார். சக்கரம் நின்றது. 'இது ஓடுற வண்டில நடந்தா பின் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி. சைடு வீலுக்கு பிரேக் இல்ல. இறக்கத்துல என்ன பண்ணுவீங்க?' என்றார்.

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. பட்டறைக்காரர் முகம் இறுகிவிட்டது. ஆய்வாளர் இன்னொன்றும் சொன்னார். இரண்டு சக்கர வண்டி வளைவில் சாய்ந்து திரும்புகிறது. ஓட்டுகிறவன் உடம்பு அறியாமலே அதைச் செய்கிறது. பக்கச் சக்கரம் வைத்ததும் சாய்வு போயிற்று. சாயாத வண்டியை வேகமாகத் திருப்பினால் ஆளை வெளியே தள்ளும், உள்பக்கச் சக்கரம் தூக்கும். ஆகவே இது வெறும் சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர் இல்லை; வேறு விதமாகத் திரும்புகிற வேறு வண்டி. சட்டத்தின் அந்த விளக்க வாக்கியம், அமைப்பு மாறி அடிப்படைத் தன்மையும் மாறுவது, அந்த மைதானத்தில் கண்முன்னே நின்றது. சட்டத்தை வார்த்தையாக மட்டும் படித்துக்கொண்டிருந்தவனுக்கு அது வார்த்தை மட்டுமல்ல என்று காட்டியது ஒரு முழக்குழி.

பட்டறைக்காரர் ராத்திரியெல்லாம் யோசித்திருக்க வேண்டும். மறுநாள் இறுக்கமாக அடித்திருந்த இரும்புச் சட்டத்தை அறுத்தெடுத்து, இரண்டு பக்கச் சக்கரத்தையும் தனித்தனி ஸ்பிரிங் கையில் தொங்கவிட்டார். ஒன்று ஏறினால் மற்றது ஏறாது. பின்சக்கரம் எப்போதும் தரையில். செய்துவிட்டுச் சொன்னார்: 'இதை அன்னைக்கே செஞ்சிருப்பேன் அண்ணாச்சி. ஸ்பிரிங்குக்கு ரெண்டாயிரம் கூடும்னு உங்ககிட்டக் கேக்கக் கூச்சமா இருந்துச்சு.' பாதுகாப்பு விதிகள் எவருடைய கூச்சத்துக்கு எதிராக வேலை செய்கின்றன என்பதைப் பற்றி நான் அதுவரை எண்ணியதில்லை.

பின்னால் நகரும் வசதி மட்டும் முடியவில்லை. இத்தகைய வண்டியைக் காலால் உந்திப் பின்னே தள்ள முடியாது. தனி மோட்டார் வைக்கலாம். அது இன்னொரு மாற்றம், இன்னொரு தாள். நண்பர் வேண்டாமென்றுவிட்டார். எங்கே போனாலும் வெளியே வரும் வழியைப் பார்த்த பிறகுதான் உள்ளே நுழைகிறார்.

அடுத்தது வரைபடம். என்ன மாற்றம், எந்த அளவில், எந்த இரும்பில் என்று எழுத்தில் வேண்டும். பட்டறைக்காரருக்குக் கை தெரியும், தாள் தெரியாது. 'நீரு எழுதுறவர்தானே, எழுதும்' என்று நண்பர் என் தலையில் கட்டினார். இரண்டு பக்கம். மூன்று நாள் ஆயிற்று. ஆங்கிலத்தில் எழுதினால் சுலபம். அதன் வாக்கியங்கள் ஏற்கெனவே அடித்து வைத்த அச்சுகள். தமிழில் எழுதிப் பார்த்தேன். ஸ்பிரிங் கையை எதில் இணைத்திருக்கிறது, எந்தத் திசையில் அது அசையும், எவ்வளவு தூரம் — ஒவ்வொன்றுக்கும் பட்டறையில் ஒரு சொல் இருந்தது, என்னிடம் இல்லை. படிமம் பற்றியும் இறுக்கம் பற்றியும் இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருக்கும் நாம், ஒரு கீல் எப்படி அசைகிறது என்று பிசகில்லாமல் ஒரு வாக்கியம் எழுத முடியுமா என்று சோதித்துப் பார்க்கலாம். உரைநடையின் வறுமை கவிதையில் தெரியாது, இங்கே தெரியும். இங்கே சொல் பிசகினால் ஒருவருக்குப் பிரேக் பிடிக்காது.

இதெல்லாம் நடந்தது ஆடி மாதம். ஊரில் தபசு. சங்கரனும் நாராயணனும் ஒரே உடம்பில் தெரிய வேண்டுமென்று கோமதி அம்மன் ஒற்றைக்காலில் நின்றாள் என்பது தலபுராணம். அவள் கால்வலியைத் தாங்கள் பங்குபோட்டுக்கொள்வதாக எண்ணி ஜனங்கள் கோவிலை நூற்றெட்டு சுற்று சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். கூட்டத்தில் மாட்டிக்கொண்ட ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி நண்பர் சொன்னார்: 'ஒத்தைக் காலுன்னா என்னன்னு இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டாம் வே. ஊரே சுத்துது. ஆனா பேங்க்ல ஏழு படி வச்சிருக்கான்.' இதைக் கேலியாக அவர் சொல்லவில்லை. நம்பிக்கையில் புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று சிமெண்டில் ஏன் புரியவில்லை என்பது நியாயமான கேள்வி.

இந்த அலைச்சலில் எனக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நம் வாகன விதிகள் வகையை அறியும், தனியை அறியா. தொழிற்சாலை ஒரு மாதிரி வண்டியைப் புனேயில் இருக்கும் ஆராய்ச்சி நிலையம் போன்ற ஓரிடத்தில் சோதனைக்குக் கொடுத்து வகை ஒப்புதல் வாங்குகிறது. பிறகு அதே அச்சில் லட்சம் வண்டி. லட்சத்துக்கும் ஒரே தாள் போதும். நியாயந்தான், லட்சத்தைப் பாதுகாக்க வேறு வழி இல்லை. ஆனால் ஊனம் அச்சில் வருவதில்லை. நண்பருடைய காலுக்குச் செய்த பலகை பக்கத்துத் தெருக்காரர் காலுக்கு இரண்டு அங்குலம் உயரம். ஜெர்மனி இந்த விஷயத்தில் நம்மைவிட எத்தனையோ மடங்கு கண்டிப்பு. அங்கே வண்டியின் வகையை மாற்றும், அல்லது ஆபத்தை உண்டாக்கும் மாற்றத்தைச் செய்தால் சாலையில் ஓட்டும் அனுமதி தானாகவே இல்லாமல் போகும். ஆனால் அதே சட்டம், அங்கீகாரம் பெற்ற ஒரு பொறியாளர் அந்த ஒற்றை வண்டியைச் சோதித்து எழுதித்தந்தால் அதை ஆவணத்தில் ஏற்கவும் வழி வைத்திருக்கிறது. கண்டிப்பு என்பதன் அர்த்தம் மறுப்பதல்ல. குனிந்து பார்ப்பதும் கண்டிப்பில் சேர்ந்தது. அந்த மைதானத்து ஆய்வாளர் குழிப்பக்கம் வண்டியை ஓட்டச் சொன்னபோது, சட்டப் புத்தகத்தில் பாதியாக மட்டும் இருக்கும் ஒன்றைச் செய்தார். எல்லா ஆய்வாளரும் குனிவார்கள் என்பதற்கு உத்தரவாதம் எதுவுமில்லை. உத்தரவாதம் ஆளில் இருக்கக் கூடாது. சூத்திரத்தில் இருக்க வேண்டும்.

ஒப்புதல் கிடைத்தது. பதிவில் 'அடாப்டட்' ஏறிற்று. காப்பீட்டுத் தாளிலும் ஏறிற்று. இனி ஒரு பயம் மிச்சம். போலியோ போய்விட்டது, அந்தக் கால்களை நாற்பது வருஷம் பார்த்துப் பார்த்துக் கற்ற பட்டறைக்காரர்களுக்கும் வயதாகிவிட்டது. இனி வருகிறவர்கள் சர்க்கரை வியாதியில் காலிழந்தவர்களும் விபத்தில் அடிபட்டவர்களும். அவர்கள் உட்காரும் விதம் வேறு, எழும் விதம் வேறு. பழைய அறிவு எந்தத் தாளிலும் இல்லை. நான் எழுதிய இரண்டு பக்கத்தின் பிரதி ஒன்றைப் பட்டறைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். போன தடவை போனபோது அது எண்ணெய்க் கறையோடு சுவரில் ஆணியில் தொங்கிற்று. ஓரத்தில் பென்சிலால் புது அளவுகள் எழுதியிருந்தார். இரண்டு இடத்தில் என் சொல்லை அடித்துவிட்டுப் பட்டறைச் சொல்லைப் போட்டிருந்தார். இரண்டும் சரியான திருத்தங்கள்.